விமானத்தின் முதுகில் ஏன் பெரிய டிஷ் வைப்பதில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தில் காசு கட்டி வைஃபை வாங்கினீர்கள். வங்கக் கடலுக்கு மேலே ஓரளவு ஓடியது. சிங்கப்பூர் நெருங்க நெருங்க வாட்ஸ்அப்பில் ஒரு படம்கூடப் போகவில்லை. வீட்டு மாடியில் இருக்கும் 60 சென்டிமீட்டர் டிஷ் மழைநாள் தவிர மற்ற நாளெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. அதைவிட 11 கிலோமீட்டர் மேலே, செயற்கைக்கோளுக்கு அத்தனை பக்கத்தில் பறக்கும் விமானத்தில் ஏன் வரவில்லை, பெரிய ஆன்டெனாவாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது வேகம் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, விமானத்து ஆன்டெனா ஏன் மாடி டிஷ் மாதிரி இருக்க முடியாது என்பதைத்தான். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பதினேழு வருடமாக ஆன்டெனா வடிவமைப்பிலும் அளவெடுப்பிலும் இருக்கிறேன், அதில் ஆறேழு வருடம் விமானத்துக்கான ஆன்டெனாக்களோடு போனது. நெட்வொர்க் நடத்துவது, கட்டணம் வைப்பது எல்லாம் என் துறை இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் 'பக்கத்தில்' என்பதை முடித்துவிடுவோம். பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில். அதில் 11 கிலோமீட்டர் குறைவது, சென்னையிலிருந்து மதுரைக்கு நடக்க முடிவு செய்தவர் வீட்டு வாசலில் நூற்றைம்பது அடி எடுத்து வைத்த கதைதான். சிக்னலில் அதனால் கிடைக்கும் லாபம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உயரத்தால் ஒரே ஒரு நன்மை உண்டு: பெரும்பாலான மழை கீழேயே நின்றுவிடும். மாடி டிஷ் அடைமழையில் படுத்துக்கொள்ளும் நேரத்தில் விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு வரவைத் தவிர மற்றதெல்லாம் விமானத்துக்குச் செலவுதான்.

முக்கியமான வித்தியாசம் இது. உங்கள் மாடி டிஷ் கேட்க மட்டும் செய்கிறது. விமானத்து ஆன்டெனா பேசவும் வேண்டும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லும் கோரிக்கை, அனுப்பும் படம் எல்லாம் அந்த ஆன்டெனா வழியாகச் செயற்கைக்கோளுக்கு ஏற வேண்டும். கேட்கும்போது தவறு செய்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். பேசும்போது தவறு செய்தால் அடுத்தவர் காதில் போய் விழும். புவிநிலைப் பாதையில் செயற்கைக்கோள்கள் ஒரே வளையத்தில் வரிசையாக நிற்கின்றன. பல இடங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 2 டிகிரிதான் இடைவெளி. அங்கே போய் அளந்தால் அது கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர். ஆனால் நம் இடத்திலிருந்து பார்த்தால், கையை நீட்டிச் சுட்டுவிரலைத் தூக்கிப் பிடித்தால் விரலின் அகலம் என்ன மறைக்குமோ அவ்வளவுதான். பக்கத்துச் செயற்கைக்கோளும் பெரும்பாலும் இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. நம் குரல் அந்த விரலகலத்துக்கு வெளியே எவ்வளவு சிந்தலாம் என்பதற்குக் கடுமையான வரம்பு உண்டு. விமான ஆன்டெனா வடிவமைப்பில் பாதித் தலைவலி இந்தச் சிந்தலைப் பற்றியதுதான். சிக்னலை எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோம் என்பது அதற்கு அடுத்த கவலை.

ஆன்டெனாவின் பீம், அதாவது அது குவித்து வீசும் அலைக்கற்றை, எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பது அதன் அகலத்தை அலைநீளத்தோடு ஒப்பிட்டால் வந்துவிடும். விமான இணையத்தில் வெகுகாலமாகப் புழங்கும் கேயு பேண்ட் என்கிற அலைவரிசைப் பகுதியில் மேலே அனுப்புவது 14 முதல் 14.5 கிகாஹெர்ட்ஸில். அலைநீளம் சுமார் 2.1 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் பீம் ஏறத்தாழ 1.7 டிகிரி. அகலத்தைப் பாதியாக்கினால் பீம் இரண்டு மடங்கு விரியும். இதில் ஏமாற்று வேலை எதுவும் செல்லாது. ஆண்டுக்கு ஒருவராவது சின்ன ஆன்டெனாவில் பெரிய கெயின் (சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் திறன்) கொண்டு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் சோதனை அறைக்கு வருவார். அளந்து பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்பிப் போவார்.

சரி, 80 சென்டிமீட்டர் வட்ட டிஷ்ஷையே விமானத்தின் முதுகில் வைத்துவிடலாமே என்றால், உயரம் இடிக்கிறது. டிஷ் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும், அதன் மேல் ரேடோம் என்கிற மூடி போட வேண்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மீட்டருக்கு மேல் உயரத்தில் ஒரு கும்பம் முதுகில் இருந்தால் அது இழுக்கும் இழுப்புக்கு எரிபொருள் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள். அதனால் நடைமுறையில் ரேடோம் ஏறத்தாழ ஓர் அடி உயரத்துக்குள்தான் நிற்கிறது. நீளமாக இருக்கலாம், அகலமாக இருக்கலாம், உயரம் மட்டும் கூடாது. இன்னொரு விதியும் உண்டு: 1.8 கிலோ பறவை மோதினாலும் விமானம் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும். காக்கை அரை கிலோவுக்குள்தான் இருக்கும், 1.8 கிலோ என்றால் கோழியைவிடக் கொஞ்சம் பெரியது. விமானத்தின் வேகத்தில் அந்தப் பறவை ஒரு சின்னப் பாறாங்கல். அதைத் தாங்கும் மூடி வேண்டும். அப்புறம் அழுத்தம் ஏற்றிய விமான உடம்பில் ஓட்டை போட்டுத்தான் கேபிளை உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு விமான வகைக்கும் அதற்குத் தனிச் சான்றிதழ்.

இந்த ஓர் அடி உயரத்துக்குள் அடங்கத்தான் பலரும் டிஷ்ஷை விட்டுவிட்டு ஒரு நீள்சதுரத் தகட்டுக்குப் போனார்கள். கணக்குக்காக 80 சென்டிமீட்டர் அகலம், 16 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடையின் பெயர்ப்பலகையைக் கிடைமட்டமாக மாட்டியது போல இருக்கும். பரப்பளவில் இது உங்கள் மாடி டிஷ்ஷில் பாதிகூட இல்லை. அது ஒரு நஷ்டம், ஆனால் சமாளிக்கக்கூடிய நஷ்டம். பெரிய சிக்கல் பீமின் வடிவத்தில். அகலவாட்டில் 1.7 டிகிரி, உயரவாட்டில் 8 டிகிரிக்கு மேல். டார்ச் வெளிச்சம் வட்டமாக விழாமல், கதவிடுக்கில் வரும் வெயில் மாதிரி ஒரு நீண்ட கோடாக விழுகிறது.

இந்தக் கோடு எந்தப் பக்கம் படுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செயற்கைக்கோள் வரிசையும் நம் வானத்தில் ஒரு கோடுதான். ஐரோப்பாவில் பறக்கும் விமானத்துக்கு அந்த வரிசை தெற்கே, தொடுவானத்துக்கு ஓரளவு இணையாகப் படுத்திருக்கும். நம் பீமோ செங்குத்தாக நிற்கும் கோடு. இரண்டும் கூட்டல் குறி போல வெட்டிக்கொள்கின்றன. பீம் தன் செயற்கைக்கோளை மட்டும் தொடுகிறது, அதன் மேலும் கீழும் வெற்று வானம். அங்கே எவ்வளவு சிந்தினாலும் கேட்க ஆள் இல்லை. நீள்சதுரத் தகடு நல்ல யோசனையாகத் தெரிந்தது இதனால்தான்.

இப்போது அதே தகட்டை நம் ஊர்ப் பக்கம் கொண்டுவாருங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வந்தால் அந்த வரிசை படுத்திருக்காது. கிழக்கிலிருந்து எழுந்து தலைக்கு மேலே போய் மேற்கில் இறங்கும். செயற்கைக்கோள் உங்களுக்கு மேற்கே இருந்தால், அந்த இடத்தில் வரிசை ஏணி போலச் செங்குத்தாக நிற்கிறது. பீமும் செங்குத்து. கோடும் கோடும் ஒன்றன் மேல் ஒன்று படிகிறது. இந்தச் சாய்வை ஸ்கியூ கோணம் என்போம். உங்கள் வீட்டில் டிஷ் மாட்ட வந்தவர் கடைசியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்என்பியைக் கொஞ்சம் திருகி வைத்துவிட்டு டிவியைப் பார்த்திருப்பார், நினைவிருக்கிறதா? அவர் சரிசெய்தது இதே கோணத்தைத்தான். அவருக்கு அது வேறு காரணத்துக்கு, அலை எந்த வாக்கில் அதிர்கிறது என்கிற துருவ முனைப்பைப் பொருத்துவதற்கு. வட்ட டிஷ் என்பதால் அவருக்கு அவ்வளவோடு வேலை முடிந்தது. நமக்கு முடியாது. விமானத்திலும் துருவ முனைப்பைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் பீமின் வடிவத்தைத் திருப்ப முடியாது. அதற்குத் தகட்டையே நிமிர்த்தி வைக்க வேண்டும், உயரமோ ஓர் அடிதான்.

உங்கள் பயணத்துக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 68 டிகிரி கிழக்கில் ஒரு கேயு பேண்ட் செயற்கைக்கோள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைக்கு மேலே ஸ்கியூ 42 டிகிரி. அந்த நிலையில் நம் தகட்டின் பீம் செயற்கைக்கோள் வரிசையின் மேல் படியும் நீளம் சுமார் 2.3 டிகிரி. பரவாயில்லை, ஏறக்குறைய ஒரே செயற்கைக்கோள்தான். சிங்கப்பூருக்கு மேலே ஸ்கியூ 88 டிகிரி, படியும் நீளம் 8 டிகிரிக்கு மேல். நம் செயற்கைக்கோளும், அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என ஐந்து வீட்டுக் கதவை ஒரே நேரத்தில் தட்டுகிறோம். வரம்பை மீற முடியாது என்பதால் மோடம் தன் குரலைத் தாழ்த்த வேண்டும், அல்லது அதே சக்தியை அகலமான அலைவரிசையில் பரப்பி மெலிதாக்க வேண்டும், அல்லது வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதைச் செய்தாலும் அனுப்பும் வேகம் விழும். கேட்கும் பக்கமும் சும்மா இல்லை. அண்டை வீட்டார் நால்வரின் பேச்சும் நம் காதில் இரைச்சலாக விழுகிறது.

உங்களுக்கு நடந்தது இதுதானா? இதுவரை சொன்னது வடிவியல், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் விமானத்தில் இது நடந்தது என்பது வெறும் ஊகம். சிங்கப்பூர் நெருங்கும்போது விமானம் இறங்கத் தொடங்கியிருக்கும், திரும்பியிருக்கும், ஒரு செயற்கைக்கோளின் வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கும். தூங்கிக்கொண்டிருந்த இருநூறு பேர் விழித்து ஒரே நேரத்தில் போனைத் திறந்திருப்பார்கள். இதில் எது என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. எப்படிப் பிரிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குறி வைப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடி டிஷ்ஷை ஒரு முறை முடுக்கிவிட்டால் காக்கை உட்கார்ந்து அசைக்கும்வரை கவலையில்லை. விமானம் திரும்பும்போது 25 டிகிரி சாய்கிறது, மேகத்துக்குள் குலுங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் ஆன்டெனா 36,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு புள்ளியை விடாமல் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முன்பு இருந்த விதி ஒன்றைச் சொன்னால் கடுமை புரியும்: குறி 0.2 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அரை டிகிரி விலகினால் 100 மில்லிசெகண்டுக்குள் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். கண் இமைக்கும் நேரமே கிட்டத்தட்ட அதைவிட அதிகம். விமானத்தில் ஏற்கெனவே திசைகாட்டும் ஜைரோ கருவிகள் இருக்கின்றனவே, அதன் கணக்கை வாங்கிக்கொள்ளலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அந்தக் கருவி இருப்பது விமானத்தின் முன்பக்கம், ஆன்டெனா இருப்பது முதுகில் பின்னால். நடுவில் இருக்கும் உடம்பு இரும்புத் தூண் இல்லை. உயரத்தில் அழுத்தம் ஏறும்போது உப்புகிறது, இறக்கை தூக்கும்போது வளைகிறது. முன்பக்கம் சொல்லும் கோணமும் முதுகின் உண்மைக் கோணமும் 0.2 டிகிரி கணக்கில் ஒத்துப்போகாது. அதனால் ஆன்டெனாவுக்கே சொந்தமாக ஜைரோ வைக்கிறோம். செயற்கைக்கோள் சரியாகத் தலைக்கு மேலே வந்தால் இன்னொரு வேடிக்கை. சுற்றும் அச்சும் பார்க்கும் திசையும் ஒன்றாகிவிடும். தலைக்கு நேர் மேலே பறக்கும் பருந்தைக் கண்ணால் தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் உடம்பையே சடக்கென்று திருப்ப வேண்டியிருக்கும் அல்லவா, மோட்டாருக்கும் அதே கதி. இதுவும் பூமத்திய ரேகைப் பக்கத்துக்கே உரிய தொல்லை. இந்தத் துறையின் முதல் தலைமுறை ஆன்டெனாக்கள் வட அமெரிக்க, ஐரோப்பிய வழித்தடங்களை மனத்தில் வைத்தே வளர்ந்தவை என்பது என் நெடுநாள் குறை.

ரேடோமைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கோ சொல்லாமல் இருக்க முடியாது. அது வெறும் மூடி இல்லை, ஆன்டெனாவின் ஒரு பகுதி. தேன்கூட்டு அடுக்கை நடுவில் வைத்து இரு பக்கமும் நார்த்தகடு ஒட்டி, அலை உள்ளே போய் எதிரொலித்து வரும் பகுதிகள் ஒன்றையொன்று அழிக்கும்படி தடிமனைக் கணக்குப் போட்டுச் செய்வார்கள். அலை நேராக வந்தால் கணக்குச் சரி. சாய்ந்து வந்தால் அதே சுவர் தடிமனாகத் தெரியும், கணக்கு மாறும். கேயுவைவிட உயர்ந்த அலைவரிசைப் பகுதியான கேஏ பேண்டில் மேலே அனுப்புவது 30 கிகாஹெர்ட்ஸ் பக்கம், கீழே வாங்குவது 20 பக்கம். ஒரே சுவர் இரண்டுக்கும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு முறை நாங்கள் அளந்து நல்லபடி அனுப்பிய ரேடோம் ஒன்று சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது, சிக்னல் குறைகிறது என்று. கண்ணால் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை, போகும்போது இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. சோதனை அறையில் வைத்து அளந்தால், வடிவமைப்பில் ஒதுக்கியதற்கு மேல் இன்னும் கால் பங்கு சக்தி காணாமல் போகிறது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு எங்கள் டெக்னீஷியன் ஒருவர் வண்ணப்பூச்சின் தடிமனை அளக்கும் சின்னக் கருவியை எடுத்து வந்து ஓரத்தில் வைத்தார். இருக்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு. விமானத்துக்குப் புது வண்ணம் அடிக்கும்போது, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று யாரோ இதற்கும் சேர்த்து இரண்டு கோட் அடித்திருக்கிறார்கள். 30 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரு சென்டிமீட்டர்தான். அங்கே பெயின்ட்டும் ஒரு சுவர். உலோகத்தூள் கலந்த பெயின்ட்டாக இருந்திருந்தால் முழுசாகவே அடைத்திருக்கும்.

அசையும் தகட்டுக்குப் பதிலாக அசையாமலே திசை மாற்றும் ஃபேஸ்டு அரே போடலாமே என்று அடுத்த கேள்வி வரும். போடலாம், இப்போது போடுகிறார்கள். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ குட்டி ஆன்டெனாக்களைச் சமதளமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அலையைக் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளிக் கொடுத்தால் பீம் தானாகத் திரும்பும். உயரம் சில விரற்கடை, உடைந்துபோக மோட்டார் இல்லை. இதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். முதலாவது எண்ணிக்கை. குட்டிகளுக்கு இடையே அரை அலைநீளம்தான் விடலாம். 30 கிகாஹெர்ட்ஸில் அது 5 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டர் சதுரத்தை நிரப்ப 120 பெருக்கல் 120, அதாவது 14,400. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிப், ஒவ்வொரு சிப்பும் சுடும். மேலே பறக்கும்போது வெளியே மைனஸ் 55 டிகிரி என்றாலும் காற்று தரையில் இருப்பதில் கால்வாசி அழுத்தம்தான், சூட்டை எடுத்துப் போகக் காற்று போதாது. சித்திரை வெயிலில் விமான நிலையத்தில் நிற்கும்போதோ மூடிக்குள் அடுப்புதான். வடிவமைப்புக் கூட்டங்களில் நாங்கள் ஆன்டெனாவைப் பற்றிப் பேசியதைவிட சூட்டை வெளியேற்றும் ஃபின், ஹீட்பைப் ஆகியவற்றைப் பற்றிப் பேசியது அதிகம்.

இரண்டாவது விலை, சாய்ந்து பார்க்கும்போது. சமதளத் தகடு நேர் மேலே பார்த்தால் முழுப் பரப்பும் வேலை செய்யும். சாய்வாகப் பார்த்தால், பக்கத்திலிருந்து பார்க்கும் தாம்பாளம் போல ஒடுங்கித் தெரியும். லண்டனில் செயற்கைக்கோள் அதே தீர்க்கரேகையில் இருந்தால்கூடத் தொடுவானத்திலிருந்து 31 டிகிரி உயரம்தான், தகட்டின் பாதிப் பரப்பு வீண். சென்னையில் 68 டிகிரி கிழக்குச் செயற்கைக்கோள் 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. வீணாவது நூற்றுக்கு ஏழு. நீள்சதுரத் தகட்டுக்கு ஆகாத நம் வானம் சமதளத் தகட்டுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. நடுவழியாக, வட்டத் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்று சுழற்றியே பீமைத் திருப்பும் வகையும் உண்டு. மோட்டார் இருக்கிறது, ஆனால் தட்டு படுத்தே இருப்பதால் உயரம் குறைவு, வட்டம் என்பதால் ஸ்கியூ தொல்லையும் பெரிதும் அடங்கிவிடுகிறது. பூமத்திய ரேகை வழித்தடத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு நான் இதைத்தான் கைகாட்டுவேன். சக தொழிலாளர்கள் பலர் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள் வந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 550 கிலோமீட்டரில் சுற்றுவதைச் சாய்வாகப் பார்த்து ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்தாலும், அதே சக்தியில் அனுப்பினால் சிக்னல் ஆயிரம் மடங்குக்கு மேல் பலமாகக் கிடைக்கும். புவிநிலையில் கேள்வி போய்ப் பதில் வர ஒளியின் வேகத்திலேயே அரை நொடி ஆகும், அதை எந்த ஆன்டெனாவாலும் குறைக்க முடியாது. இங்கே அது சில பத்து மில்லிசெகண்டு. ஆனால் செயற்கைக்கோள் சில நிமிடத்தில் கடந்துபோய்விடும், பீம் ஓடிப்போய் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். மோட்டார் வைத்த ஒற்றைத் தகட்டுக்கு அது கஷ்டம், ஃபேஸ்டு அரேதான் சரிப்படும். இதிலும் பூமத்திய ரேகை விடுவதில்லை. தாழ்வட்டக்காரர்கள் புவிநிலை வரிசைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. அந்த வரிசை நமக்குத் தலைக்கு மேலேயே ஓடுவதால், வானத்தில் நல்ல நடுப்பகுதியில் ஒரு பட்டையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் அவர்கள் செயற்கைக்கோளைத் தேட வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோள் எண்ணிக்கை நிறைய இருந்தால் பயணிக்கு இது தெரியாமலே போய்விடும்.

செயற்கைக்கோளே இல்லாமல், தரைக் கோபுரங்களை மேல்நோக்கி வைத்து விமானத்தின் வயிற்றில் ஆன்டெனா மாட்டும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 2008 முதல் 850 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அப்படித்தான் தொடங்கினார்கள். ஒரு விமானம் முழுவதற்கும் 3 மெகாபிட் சொச்சம். ஐரோப்பாவில் சுமார் 300 கோபுரங்களோடு 4ஜி முறையில் நடக்கிறது. ஆன்டெனா உள்ளங்கை அளவு, விலை மலிவு. உங்கள் வழித்தடம் பெரும்பாலும் கடல் என்பதால் அதைப் பற்றி விரிக்கவில்லை. இந்தியாவில் விமானத்தில் பயணிகளுக்கு இணையம் தருவதற்கான விதிகள் 2018-ல் வந்தன. 2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 கேஏ பேண்டில் 32 பீம்களோடு வந்திருக்கிறது, விமான இணையமும் அதன் நோக்கங்களில் ஒன்று.

அடுத்த முறை போகும்போது இதைச் செய்து பாருங்கள். ஏறுவதற்கு முன் கண்ணாடி வழியாக விமானத்தின் முதுகைப் பாருங்கள். இறக்கைக்குப் பின்னால் மேடு நல்ல உயரமாக இருந்தால் உள்ளே சுழலும் தகடோ டிஷ்ஷோ இருக்க வாய்ப்பு அதிகம், தட்டையாக இருந்தால் ஃபேஸ்டு அரேயாக இருக்கலாம். மேலே போனதும் அரை மணிக்கு ஒருமுறை பிங் (கேள்வி போய்ப் பதில் வரும் நேரம்), இறக்கும் வேகம், ஏற்றும் வேகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிங் 600 மில்லிசெகண்டுக்கு மேலேயே நின்றால் புவிநிலைச் செயற்கைக்கோள், நூறுக்குக் கீழே வந்தால் தாழ்வட்டம் அல்லது தரைக் கோபுரம். இரண்டு வேகமும் சேர்ந்து விழுந்தால் கூட்ட நெரிசலாக இருக்கலாம். தெற்கே போகப் போக ஏற்றும் வேகம் மட்டும் முதலில் சரிந்துகொண்டே வந்தால் என் சந்தேகம் ஸ்கியூ மேல்தான் போகும். அந்தந்த நேரத்தில் இருக்கைத் திரையில் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதி வைத்துக்கொண்டு இங்கே போடுங்கள், கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். திரும்பி வரும் பயணத்திலும் எடுத்தால் இன்னும் நல்லது. ஸ்கியூதான் காரணம் என்றால் சிங்கப்பூரில் மோசமாகத் தொடங்கி, சென்னை நெருங்க நெருங்கத் தானாகத் தேறி வர வேண்டும்.